மாப்பிள்ளைக்குப் பார்சல் கட்டும் முன்

குடியாத்தம்,
ஆவணி 28

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். தீபாவளிக்கு, லடாக்கில் பட்டாளத்தில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் பத்து கிலோவில் ஒரே பெட்டியாகக் கட்டப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாமே. வேண்டாம் கண்ணு. ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்கு மேல் போகாமல் இரண்டு பெட்டியாகப் பிரித்துக்கொள். ஒன்றைப் புரட்டாசி பிறந்ததும் அனுப்பு, இன்னொன்றைப் பத்து நாள் விட்டு அனுப்பு. லே வரை விமானம் தூக்கிக்கொண்டு போய்விடும். அங்கிருந்து யூனிட்டுக்கு லாரி. யூனிட்டிலிருந்து மலைமேல் இருக்கும் காவல் போஸ்டுக்கு ரேஷனோடு சேர்த்து ஒரு ஆள்தான் முதுகில் சுமந்துகொண்டு ஏற வேண்டும். கனமான பெட்டி கீழேயே தங்கும். சின்னப் பெட்டி முதல் நடையிலேயே மேலே போய்விடும். ஒன்று தாமதமானாலும் மற்றொன்று கையில் இருக்கும்.

முதலில் விலாசம். அவருடைய ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், கம்பெனி, யூனிட் பெயர், 9-ல் தொடங்கும் ஆறு இலக்க பின்கோடு, கடைசியில் ‘கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.’ இவ்வளவுதான். ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம். லடாக் என்றோ லே என்றோ எங்கும் எழுதாதே. யூனிட் எங்கே இருக்கிறது என்பது உறைமேல் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே. அதோடு, 194101 என்று லேயின் பின்கோடைப் போட்டுவிட்டால் பார்சல் ஊர்த் தபால் நிலையத்துக்குப் போய் நிற்கும். 1972-ல் பின்கோடு வந்தபோதே 9-ஐ ராணுவத் தபாலுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். 56 என்றால் டெல்லி வழி, 99 என்றால் கல்கத்தா வழி, கிழக்கே இருப்பவர்களுக்கு. யூனிட் இடம் மாறினால் இந்த எண்களும் மாறலாம். அதனால் பழைய உறையைப் பார்த்து எழுதாமல், ஒவ்வொரு தடவையும் அவரிடமே கேட்டுக்கொள். எழுத்து இங்கிலீஷில் இருக்கட்டும், டெல்லியில் பிரிக்கிறவருக்குத் தமிழ் தெரியாது. அதே விலாசத்தை ஒரு தாளில் எழுதி, உன் விலாசத்தையும் போன் நம்பரையும் சேர்த்துப் பெட்டிக்குள்ளும் போட்டுவை. மேலே ஒட்டியது நனைந்து கிழிந்தால் உள்ளே இருப்பதுதான் காப்பாற்றும்.

பிரைவேட் கூரியர்காரர்கள் ஏ.பி.ஓ. விலாசத்துக்குப் போவதில்லை. தபால் நிலையத்துக்குப் போய் ஸ்பீடு போஸ்ட் பார்சலாகப் போடு.

இனி பலகாரம். இதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். முறுக்குக்கு நாலு பங்கு அரிசி மாவு, ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுத்த மாவு. வீட்டுக்குச் செய்வதுபோல வெண்ணெய் போடாதே, பாதி போதும். வெண்ணெய் கூடினால் வாயில் கரையும், பெட்டியில் தூளாகும். தேங்காய்ப் பால் சேர்க்காதே, சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். எண்ணெய் புதிதாக இருக்க வேண்டும். போன வாரம் அப்பளம் பொரித்து மிச்சம் இருப்பதில் சுட்டால் பத்தாம் நாளே காறும். எண்ணெயில் சலசலப்பு முழுக்க அடங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். அந்தச் சத்தம் மாவிலிருக்கும் தண்ணீர் வெளியேறுகிற சத்தம், அது ஓயும் முன் எடுத்தால் நாலு நாளில் நமுத்துப்போகும். எடுத்ததைத் துணியில் பரப்பி ஐந்தாறு மணி நேரம் ஆறவிடு. தொட்டால் ஆறினமாதிரி இருக்கும்போதும் உள்ளே சூடு இருக்கும். அப்போது மூடினால் டப்பா மூடியில் வியர்த்து, அத்தனையும் வீண்.

டப்பாவில் முறுக்கைப் படுக்கவைத்து அடுக்காதே, வளையல் பெட்டியில் வளையலை வைப்பதுபோல நிறுத்தி வை. அடியிலும் மேலேயும் கசக்கிய வெள்ளைத் தாள். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தால் இடம் இருக்கிறது, இடம் இருந்தால் உடையும்.

இனிப்பில் அதிரசம், எள்ளுருண்டை, கடலை மிட்டாய் தாங்கும். தேங்காய் பர்பி, பால்கோவா இரண்டும் வேண்டவே வேண்டாம். பொருவிளங்காய் உருண்டை செய்வதானால் நெல்லிக்காய் அளவில் பிடி. நம் ஊர் வெயிலிலேயே அது பல்லைப் பதம் பார்க்கும், அங்கே குளிரில் கல். கடலை மிட்டாயையும் பெரிய சதுரமாக வாங்காதே, கடிக்கிற அளவில் சின்னதாக வாங்கு.

ஆனால் என்னைக் கேட்டால் பலகாரத்தைவிடப் பொடிக்குத்தான் அதிகம் இடம் கொடுப்பேன். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தால் மெஸ்ஸிலேயே சாம்பார் கிடைக்கும். மாப்பிள்ளை இருப்பது சிக்னல்ஸில், அதாவது ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவில். தமிழ்ப் பையன்கள் நாலு பேர் இருந்தால் அதிகம், ரொட்டியும் தாலும்தான் தினமும். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி, புளியோதரைப் பொடி, ஒவ்வொன்றும் கால் கிலோ போதும். எண்ணெயோ நெய்யோ கலக்காமல் வெறும் பொடியாக அனுப்பு. நெய் அங்கே ரேஷனிலேயே கிடைக்கும், சோற்றில் பிசையும்போது ஊற்றிக்கொள்வார். ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் ஆசைதான். ஆனால் எண்ணெய் கசிந்தால் மற்ற பார்சல்களையும் கெடுக்கும் என்று கவுண்டரிலேயே திருப்பிவிடுவார்கள். வத்தல், அப்பளமும் வேண்டாம், போஸ்டில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துக்கொண்டு யார் பொரிப்பது? சுக்குமல்லிக் காப்பித் தூளை அரைக் கிலோவாக அனுப்பு. அது மட்டும் எவ்வளவு அனுப்பினாலும் தீர்ந்துவிடும், வடக்கத்திப் பையன்களும் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள்.

ஃபில்டர் காப்பித் தூள் அனுப்ப நினைப்பாய். இரண்டு சங்கடம். லே கிட்டத்தட்ட 3,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்னும் மேலே போகப் போக அதுவும் குறையும். டிகாக்‌ஷன் இங்கே இறங்குகிற மாதிரி இறங்காது. இன்னொன்று, புதிதாக வறுத்து அரைத்த தூள் சில நாள் வாயு விட்டுக்கொண்டே இருக்கும், இறுக்கி ஒட்டிய பை உப்பிவிடும். இன்ஸ்டன்ட் சாஷே வாங்கிப் போடு.

உப்புவது என்றதும் ஞாபகம் வருகிறது. லேயில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கடையில் விற்கிற சிப்ஸ் பாக்கெட் பலூன்போல வீங்கும், அந்த நிலையில் மேலே ஒரு மூட்டை விழுந்தால் வெடிக்கும். காற்றை அழுத்தி வெளியேற்றி ஜிப் கவரில் மாற்றிப் போடு. பொடிகளை வேக்குவம் பேக் செய்துவிடலாம், மசாலா கடைகள் சிலவற்றில் அந்த மெஷின் இருக்கிறது. முறுக்கை மட்டும் அதில் கொடுத்துவிடாதே, இழுக்கிற இழுப்பில் நொறுங்கும். கிரீம், ஷாம்பூ எதுவானாலும் டியூபை அமுக்கிக் காற்றை எடுத்துவிட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தனிக் கவரில் வை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாய் பாட்டிலில் அனுப்பினால் அவர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அகல வாய் டப்பாவில் ஊற்றினாலும் வழியில் டெல்லி வெயிலில் உருகி ஒழுகும். அதை விட்டுவிடு. உதட்டுக்கும் கன்னத்துக்கும் வாஸ்லின் போதும், வறண்ட காற்றில் தோல் வெடிப்பதற்கு அதுதான் மருந்து.

விமானத்தில் ஏற்றக் கூடாதவை நம் வீட்டுச் சாமான்களிலேயே நிறைய இருக்கின்றன. கோயில் பிரசாதம் அனுப்புகிறபோது விபூதி, குங்குமம் சரி. கற்பூரம் கூடாது, அது தீப்பற்றும் பொருள். தீப்பெட்டி, லைட்டர், ஸ்ப்ரே, சென்ட், பட்டாசு எதுவும் கூடாது, ஒரு மத்தாப்புப் பெட்டிகூட. கொப்பரையும் கூடாது என்றால் உன் அத்தை நம்பமாட்டார்கள். எண்ணெய் அதிகமுள்ள கொப்பரை தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்று விமானப் பட்டியலில் ஆபத்தான சரக்காகவே வைத்திருக்கிறார்கள். பவர் பேங்க், தனி பேட்டரி வேண்டாம். பென் டிரைவ், புளூடூத் சாமான்கள் பாதுகாப்புச் சமாச்சாரம், அவர் கேட்காமல் நீயாக எதையும் வைக்காதே.

ஸ்வெட்டர், குல்லா பின்ன வேண்டாம். பனிக்கு உண்டான உடுப்பெல்லாம் பட்டாளமே கொடுக்கிறது, அதற்குமேல் ஒன்றைப் போட்டுக்கொள்ள இடமில்லை. பருத்தி சாக்ஸ் அனுப்பவே கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும், அந்தக் குளிரில் கால் விரலுக்கு அது நல்லதல்ல. மாத்திரையும் வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று போனில் சொல்வார், உயரத்தில் அது சகஜம். இங்கே நமக்குத் தெரிந்த டாக்டரிடம் தூக்க மாத்திரை வாங்கி அனுப்பிவிடாதே. அந்த உயரத்தில் அது மூச்சை இன்னும் மந்தமாக்கும். யூனிட் டாக்டர் பார்த்துக்கொள்வார். சோப்பு, பேஸ்ட், பிளேடு எல்லாம் கேண்டீனில் நம் விலையைவிடக் குறைவு. சோப்போ தலைவலித் தைலமோ பலகாரத்தோடு ஒரே பெட்டியில் இருந்தால் முறுக்கெல்லாம் அந்த வாசனைதான் அடிக்கும். பாச்சா உருண்டை இருந்த அலமாரித் துணியைக்கூடச் சுற்றப் பயன்படுத்தாதே.

அளவு விஷயத்தில் ஒன்று. அவருக்கு மட்டும் என்று கணக்குப் போடாதே. கூட இருக்கிற எட்டுப் பத்துப் பேருக்கும் கை நீளும், அது அங்கே எழுதாத சட்டம். ஆளுக்கு இரண்டு முறுக்கு, ஒரு அதிரசம் என்று வைத்து, அதற்குமேல் அவருக்கென்று ஒரு சின்ன டப்பா தனியாக. அதன்மேல் பெயர் எழுதிவிடு, மரியாதைக்கு விட்டுவைப்பார்கள். ஓரளவுக்கு.

போட்டோவைப் போனில் அனுப்பினோமே என்று இருக்காதே. மேலே சிக்னல் வருவதும் போவதும் அதன் இஷ்டம், குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். குழந்தை படத்தை நாலு பிரிண்ட் போடு, ஒரு கடிதமும் எழுது. எல்லாவற்றுக்கும் மேலே, பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வை.

அட்டைப் பெட்டி ஐந்தடுக்கு அட்டையாக, புதியதாக இருக்கட்டும். பிஸ்கட் வந்த பழைய பெட்டி வழியிலேயே தொய்ந்துவிடும். உள்ளே முதலில் ஒரு பெரிய பாலிதீன் பை விரித்து, அதற்குள் அடுக்கி முடிச்சுப் போடு. கனமான பொடிகள் அடியில், முறுக்கு நடுவில், ஓரங்களில் தாள். வீட்டில் ஒட்டிவிட்டுப் போகாதே. என்ன இருக்கிறது என்று கவுண்டரில் பார்க்கக் கேட்டால் பிரித்துக் காட்ட வேண்டிவரும். டேப்பும் கத்திரியும் பையில் எடுத்துப் போய் அங்கே ஒட்டு. எல்லா விளிம்பிலும் இரண்டு சுற்று. அதன்மேல் காடாத் துணி தைத்தால் இன்னும் பலம். விலாசத்தை அழியாத மார்க்கரில் துணிமேலேயே எழுது.

ரசீதிலுள்ள 13 எழுத்து நம்பரைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிவிடு. ட்ராக்கிங் பெரும்பாலும் டெல்லி ராணுவத் தபால் வரைக்கும்தான் ஒழுங்காகக் காட்டும், அதற்குப் பிறகு அசையாமல் நிற்கும். காணாமல் போய்விட்டதென்று அழாதே. அங்கிருந்து மூட்டையாகக் கட்டிக் களத் தபால் நிலையத்துக்குப் போகும், லேயில் வானிலை கெட்டால் விமானம் இறங்காது. மூன்று நாலு வாரம் கணக்கு வைத்துக்கொள். பொங்கலுக்கு அனுப்புவதானால் கார்த்திகையிலேயே போட்டுவிடு, பனிக்காலத்தில் லடாக்குக்குச் சாலை போகிற சோஜி லா கணவாயும் பனியில் மூடிக்கொள்ளலாம், அப்போது விமானத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

அவர் லீவு எப்போது என்பதையும் கேட்டுக்கொண்டு அனுப்பு. அவர் ரயிலேறி ஊருக்கு வர, பார்சல் எதிர்ப் பக்கமாக மலையேறுவது அடிக்கடி நடக்கிறது.

உளுத்த மாவு அம்மா அரைத்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். காலிப் பெட்டி இரண்டு நான் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா