வைக்கோலைத் தள்ளிவிடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோலை வந்த விலைக்குத் தள்ளிவிடப் போவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் மனம் பொறுக்கவில்லை. கொஞ்சமாவது ஒதுக்கி வை. சிப்பிக் காளான் போடத் தொடங்கிய பிறகுதான் நல்ல வைக்கோலின் அருமை எனக்குத் தெரிகிறது. மழையில் நனைந்து கறுத்தது, போரின் அடியில் புழுங்கியது எதுவும் ஆகாது. இந்தப் பருவத்து வைக்கோலாக, பொன்னிறமாக, காய்ந்து மொறமொறவென்று இருக்க வேண்டும்.

விரல் நீளத்துக்கு நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, முக்கால் மணி நேரம் வேகவைப்போம். வேண்டாத பூசணங்கள் அழியத்தான் இந்த வேக்காடு. பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். பக்குவமெல்லாம் அங்கேதான். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் சொட்டு நீர் வடியக் கூடாது. உள்ளங்கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். ஈரம் மிஞ்சினால் பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும். பையில் ஓர் அடுக்கு வைக்கோல், அதன்மேல் சோளத்தில் வளர்த்த காளான் வித்து என்று மாற்றி மாற்றி நிரப்பிக் குடிலில் தொங்கவிட்டால், 15 முதல் 20 நாளில் பை முழுவதும் வெள்ளை இழை ஓடிவிடும். வைக்கோலுக்கு விறைப்பு தரும், மாட்டின் வயிற்றிலேயே செரிக்காத லிக்னின் என்ற பொருளைக்கூட அந்த இழை கரைத்து உண்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

உங்கள் ஊர்க் கோடைக்குச் சிப்பி தாங்காது. பால் காளான் போடு. 1974-ல் வங்காளத்தில் கண்டு விவரிக்கப்பட்ட இனம் அது. 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் நன்றாக வரும். நம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏ.பி.கே.2 என்ற பால் காளான் ரகம் அருப்புக்கோட்டையில் உருவானது. அந்த வெயிலில் வந்தது உங்கள் ஊரில் வராதா? இழை ஓடிய வைக்கோல் படுக்கையைப் பாதியாக வெட்டி, மேலே வேகவைத்த மண்ணைப் பரப்ப வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். பறித்த பிறகு சிப்பியைப் போல உடனே வாடாது என்பதால் விற்கவும் அவசரப்பட வேண்டாம்.

ஒன்று மட்டும் கேள். சிப்பிக் காளானின் வித்துத்தூள் புகைபோலப் பறக்கும். உனக்கு இளைப்பு உண்டு. என் குடிலைப் பார்க்க வரும்போது முகக்கவசம் இல்லாமல் உன்னை உள்ளே விட மாட்டேன்.

பங்குனியில் வந்துவிடு. எத்தனை கட்டு வைக்கோல் ஒதுக்கினாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

இப்படிக்கு,
உன் அன்புத் தோழன்