லோன் போடப் போற மாப்ளைக்கு

டேய் மாப்ள,

இத்தன நாளா பதில் போடலன்னு திட்டணும்னா நேர்ல வந்து திட்டிக்க. அம்மாவுக்கு முட்டிவலி தேவல, பாப்பா பிளஸ் டூ, அவ்வளவுதான் வீட்டு சேதி. இப்ப விசயத்துக்கு வர்றேன். நம்ம கூட்டாளி தாடி, பனியன் தைக்கற யூனிட் வெச்சிருந்தான்ல, அவன் பவர் டேபிள் (மோட்டார்ல ஓடற தையல்) மெஷின் எல்லாத்தையும் வித்துட்டான்டா. அதுவும் கை நெறய ஆர்டர் இருக்கறப்ப! நீயும் திருப்பூர்ல யூனிட் போட லோன் எடுக்கறேன்னு எழுதியிருக்க, சும்மா இருக்க முடியல.

பேங்க்லயும் 12 பர்சென்ட், பைனான்ஸ்லயும் 12, பைனான்ஸ்காரன் மூணே நாள்ல பணம் தர்றேன்னான், தாடியும் அவன்கிட்டயே 10 லட்சத்த மூணு வருசத்துக்கு வாங்கிட்டான். அது பிளாட் ரேட்டு. அசல் கொறஞ்சாலும் வட்டி முழு 10 லட்சத்துக்குத்தான், மாசம் 37,778. பேங்க்ல கொறயற அசலுக்குப் போட்டிருந்தா 33,214. பிளாட் 12ன்னா நெஜத்துல 21 பர்சென்ட் கிட்ட வருது.

ஆனா அவனச் சாய்ச்சது அதுகூட இல்ல. கூலி சனிக்கெழமையானா குடுக்கணும், டியூ மாசாமாசம் 5ஆம் தேதி, ஆர்டர் குடுக்கற கம்பெனிக்காரன் பில்லு பணம் தர்றது 90 நாள் கழிச்சு. ஆர்டர் கூடக்கூட முன்கூட்டிப் போடற கூலியும் கூடுது, கூலிக்கு வெச்ச பணத்த டியூ தின்னுடுது, அப்புறம் வாரவட்டிக்கு வாங்கினான், கூலி தள்ளிப்போக டெய்லருங்க வேற யூனிட்டுக்குப் போயிட்டாங்க, தைச்ச பீஸ் எறங்கல. சின்ன யூனிட்டுக்கு 45 நாளுக்குள்ள பணம் தரணும்னு 2006லயே சட்டம் இருக்குதான், கேட்டுப் பாரு, அடுத்த ஆர்டர் பக்கத்து யூனிட்டுக்குப் போயிரும்.

அதனால நீ அரை பர்சென்ட்டுக்கு மல்லுக்கட்டாத, மாசத் தவணை எவ்வளவுன்னு பாரு. அதே 10 லட்சம் பேங்க்ல அஞ்சு வருசம் போட்டா மாசம் 22,244தான். மொத்த வட்டி 1.4 லட்சம் கூட வரும், உம்மாமனார் நட்டம்னு குதிப்பாரு, குதிக்கட்டும், மாசம் 11,000 கையில நின்னா ஒரு வாரக் கூலிய சமாளிக்க ஒதவும்ல. ப்ளோட்டிங் ரேட்டா, அதாவது அப்பப்ப ஏறி எறங்கற வட்டியா கேளு, 2026 ஜனவரிலருந்து சேங்சன் ஆகற அந்த மாதிரி லோன முன்னாடியே கட்டி முடிச்சா சின்ன யூனிட்டுக்கு அபராதம் கெடையாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லிருக்கு. மெஷினுக்கு மாசாமாசம் கட்டற டெர்ம் லோன், கூலிக்கு வேணுங்கறப்ப எடுத்து பில்லு வந்ததும் கட்டற சிசி (கேஷ் கிரெடிட்), ரெண்டையும் கலக்காத. மெஷின் ஓடி மொத பில்லு வர்ற வரைக்கும் அசல் கட்டறதத் தள்ளிப்போடச் சொல்லிக் கேளு, வாய் இருக்குல்ல, ஹாஸ்டல் வார்டன்கிட்டயே பேசினவன்தான நீ.

சேங்சன் லெட்டர கையெழுத்துக்கு முன்னாடி வாட்ஸப்புல அனுப்பு. தங்கச்சியக் கேட்டேன்னு சொல்லு. தாடிக்கும் ஒரு போன் போடு, எம்மேல கோவத்துல இருக்கான், உங்கிட்டன்னா பேசுவான்.