பஞ்சப்பூர் சந்தைக்குக் கள்ளிக்குடியின் நிலை வரக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

திருச்சி காந்தி மார்க்கெட்டின் மொத்தக் காய்கறி வியாபாரத்தை மாற்றுவதற்காகப் பஞ்சப்பூரில் புதிய சந்தை வளாகம் அமைக்கப்படுவதை வரவேற்கிறேன். நள்ளிரவு தொடங்கி விடியும்வரை லாரிகளும் தள்ளுவண்டிகளும் தரைக்கடைகளும் நெருக்கியடிக்கும் அந்தத் தெருக்களைக் கண்ட எவரும் இடமாற்றம் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் இதே நோக்கத்துடன் மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் பல கோடி ரூபாயில் கட்டப்பட்ட வளாகத்துக்குக் காந்தி மார்க்கெட் வியாபாரிகள் இடம்பெயரவே இல்லை. கடைகள் சிறியவை, ஊரிலிருந்து தொலைவு என்று அவர்கள் சொன்ன காரணங்களை வெறும் பிடிவாதமென்று ஒதுக்கிவிட முடியாது.

பல மண்டிகளின் சரக்கையும் விலையையும் ஒரே நடையில் ஒப்பிட்டு வாங்கவே சில்லறை வியாபாரிகள் சந்தைக்கு வருகிறார்கள். ஆகவே முதலில் இடம் மாறும் மண்டிக்காரர் தம் வாடிக்கையைப் பழைய இடத்தில் இருப்பவரிடம் இழப்பார் என்பதால், முதல் ஆளாகப் போக எவரும் துணிவதில்லை. சென்னையில் கொத்தவால்சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறியபோது, குறிப்பிட்ட பொருள்களின் மொத்த வியாபாரம் அறிவிக்கப்பட்ட சந்தைக்கு வெளியே நடக்கக்கூடாதென அதே ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. சட்டம் மட்டும் போதுமா, புதிய இடமும் தயாராக இருக்க வேண்டாமா என்பது வேறு கேள்வி. 2020 மே மாதம் கொரோனா காரணமாகக் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறிச் சந்தை அவசரமாகத் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, மழைக்குச் சேறாகிப்போன தரையில் மூட்டைகளைக் காக்க வியாபாரிகள் பட்ட பாட்டைப் பத்திரிகைகளில் படித்தோம்.

எனவே எல்லா மண்டிகளும் ஒரே நாளில் மாறும்படி தேதி குறிப்பதோடு, கடைகளின் அளவையும் சரக்கு இறக்குமிடத்தையும் வியாபாரிகளோடு பேசியே மாநகராட்சி முடிவு செய்ய வேண்டும். வரகனேரி, தாராநல்லூர்ப் பகுதிகளிலிருந்து நடந்தே வேலைக்கு வரும் சுமைப்பணித் தொழிலாளர்களும், கூடையும் சாக்குமாகப் பேருந்தில் வந்து வாங்கிச் செல்லும் பெண் வியாபாரிகளும் பின்னிரவு 2 மணிக்குப் பஞ்சப்பூர் போய்ச்சேர என்ன வழி என்று இதுவரை யாரும் பேசக் காணோம். சுமையை ஏற்றிக்கொள்ளும் இரவுப் பேருந்துகள் திறப்பு நாளிலிருந்தே ஓட வேண்டும். மேலும், சில்லறைக் கடைகள் காந்தி மார்க்கெட்டிலேயே தொடருமா என்பதை மாநகராட்சி இப்போதே எழுத்துமூலம் அறிவிக்க வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வரகனேரி, திருச்சி.