கிராபைட் கழுத்தைச் சூடாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

கிராபைட் கழுத்து பேஸ் கிற்றார்களைச் செய்துவந்த கம்பனி ஒன்று இல்லாமல் போனது பற்றித் தங்கள் வார இதழின் இசைப் பக்கத்தில் வெளியான குறிப்பை வாசித்தோம். வரலாற்றுப் பகுதியில் பெரிய குறை இல்லை. கடைசிப் பந்திதான் எழுத வைத்தது. உதிரிப்பாகம் இனிக் கிடையாது, வைத்திருப்போர் விற்றுவிடலாம் என்கிறது அது. போதாக்குறைக்கு, வளைந்த கழுத்தை அயன் பெட்டியால் சூடுகாட்டி நிமிர்த்தலாம் என்றும் சொல்கிறது. முதலாவது அரைப் பிழை. இரண்டாவதை நம்பி யாராவது செய்தால் அந்தக் கிற்றார் அன்றோடு சரி.

கிராபைட் என்றதும் பென்சில் கரி நினைவுக்கு வரும். இது அதுவல்ல. காபன் நாரை எப்பொக்சிப் பிசினில் தோய்த்து, அச்சில் அடுக்கி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக வைத்த பொருள். அமெரிக்காவில் விண்வெளித்துறைக் கம்பனியொன்றில் வேலைசெய்த ஜெஃப் கூல்ட், 1977இல் அலெம்பிக் கம்பனியோடு சேர்ந்து இப்படியொரு கழுத்தைப் பேஸ் கிற்றாருக்குக் கொண்டுவந்தார். 1978இல் மொடுலஸ் கிராபைட் என்ற சொந்தக் கம்பனி. கிரேற்ஃபுல் டெட் குழுவின் பில் லெஷ், ரெட் ஹொட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ஃபிளீ ஆகியோர் அதை வாசித்தார்கள். 2013இல் அந்தக் கம்பனி நின்றது. இங்கிலாந்தில் ரொப் கிறீன் செய்த ஸ்ரேற்றஸ் கிற்றார்களை லெவல் 42 குழுவின் மார்க் கிங் மூலம் பலர் அறிவார்கள். கம்பி முறுக்கும் தலைப்பகுதி இல்லாத, தலையில்லாக் கிற்றாரைப் பிரபலப்படுத்திய நெட் ஸ்ரைன்பேர்கரின் கம்பனியை 1987இல் கிப்சன் வாங்கியது. பின்னாளில் அதே பெயரில் மரக் கிற்றார்களும் வந்தன. பெயர் கைமாறும், அச்சும் கைப்பழக்கமும் அப்படிக் கைமாறுவதில்லை.

ஏன் நிலைக்கவில்லை என்று குறிப்பு கேட்கிறது. செய்முறையே பதில். பிசின் ஊட்டிய காபன் துணியைக் குளிரூட்டியில், பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் வைத்திருக்க வேண்டும். அதிலும் காலக்கெடு உண்டு. ஒவ்வொரு படையும் கையால் வெட்டி, நார் ஓடும் திசை பார்த்து அடுக்க வேண்டும். ஒரு தரத்தில் ஓர் அச்சிலிருந்து ஒரு கழுத்துத்தான் வரும். பிழைத்துப் போனால் மரத்தைப்போல மறுபடி சீவ முடியாது, எறிவதுதான். இதற்குள் பெரிய கம்பனிகள் மரக் கழுத்துக்குள் இரண்டு காபன் தண்டு பதித்தாலே பெரும்பாலானோருக்குப் போதும் என்று கண்டுகொண்டன. பிரான்சின் விஜியே பத்துக்குத் தொண்ணூறு என்றே அளவு சொல்லிக் காபனையும் மரத்தையும் சேர்க்கிறது. அந்த நிலையில் முழுக் காபன் கழுத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பவர் எத்தனை பேர்?

ஆனால் எங்கள் ஊருக்கு அந்தக் கழுத்து நன்றாகப் பொருந்தும். 34 அங்குல அளவுள்ள நாலு கம்பிக் கிற்றாரில் கம்பிகள் எல்லாம் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 80 கிலோ இழுவிசையில் இழுக்கின்றன. மரக் கழுத்து மாரியில் ஈரம் குடித்து ஒரு வளைவு எடுக்கும், சித்திரை வெயிலில் காய்ந்து இன்னொரு வளைவு எடுக்கும். விரற்பலகையில் குறுக்கே பதித்த பிரெற் எனும் உலோகக் கம்பிகளின் முனைகள் ஓரத்தில் துருத்தி விரலைக் கீறும். காபன் கழுத்து ஈரத்துக்கு அசையாது. ஜி கம்பியில் ஐந்தாம் ஆறாம் பிரெற் அண்டையில் ஒலி சட்டென்று சாகும் இடமும் இதில் மிகக் குறைவு, ஏனென்றால் கழுத்தின் விறைப்பு அதன் சொந்த அதிர்வெண்ணை மேலே தள்ளிவிடுகிறது. சுருதி அசையவே அசையாது என்ற பேச்சு மட்டும் மிகை. கம்பி உருக்குத்தானே, மேடை விளக்கின் சூட்டில் அது நீளும், சுருதி இறங்கும்.

இப்போது சூட்டு விடயம். மரக் கழுத்தைச் சூடாக்கி அழுத்தி நிமிர்த்துவது பழைய முறை. பசை இளகும், மரம் புதிய வடிவை ஏற்கும். காபன் கழுத்தில் இளகுவது அதைப் பிடித்துவைத்திருக்கும் எப்பொக்சியே. விரற்பலகையை ஒட்டிய எப்பொக்சி அறை வெப்பநிலையில் இறுகிய வகையென்றால் 50, 60 பாகையிலேயே மெதுமைப்படத் தொடங்கும். கதவு பூட்டி வெயிலில் விட்ட வானுக்குள் அந்தச் சூடு சாதாரணம். அயன் பெட்டி அதைவிடப் பல மடங்கு. பலகை கிளம்பும், உள்ளே படைகள் விலகும், திரும்ப ஒட்டினாலும் பழைய விறைப்பு வராது. பிரெற்றைக் கழற்றுமுன் ஈயம் பற்றும் கோலால் சூடுகாட்டும் பழக்கத்தையும் இந்தக் கழுத்தில் கைவிட வேண்டும்.

கழுத்து வளைந்துவிட்டது என்று கொண்டுவரப்படும் கிற்றார்களில் குற்றம் பெரும்பாலும் கழுத்தில் இருப்பதில்லை. முதலில் அளந்து பாருங்கள். முதலாம் பிரெற்றில் கபோ எனும் கம்பி அழுத்தும் கவ்வியைப் போட்டு, கடைசிப் பிரெற்றில் அதே கம்பியை அழுத்தி, ஏழாம் பிரெற்றுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் திருத்துவோர் வால்வ் இடைவெளி பார்க்கும் தகட்டுக் கட்டே இதற்குப் போதும். 0.2 முதல் 0.35 மில்லிமீற்றர் வரை இருந்தால் கழுத்தில் குறை இல்லை. கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான இழுகம்பி இல்லாத வகையில் கம்பியின் தடிப்புத்தான் திருகாணி மாதிரி. இடைவெளி கூடினால் 45-105 செற்றை எடுத்துவிட்டு மெல்லிய 40-100 போடுங்கள். இடைவெளியே இல்லையென்றால் தடித்த செற்றுக்குப் போங்கள். இழுகம்பி உள்ள வகையில் ஒரேயடியாகக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம்.

அளவு சரியாக இருந்தும் இரைகிறதென்றால் ஒரு பிரெற் கிளம்பியிருக்கும். மூன்று பிரெற்றை மட்டும் தொடும் சிறு உருக்கு அடிமட்டத்தை வைத்து ஆட்டிப் பார்த்தால் நடுவிலுள்ளது காட்டிக்கொடுக்கும். அதைக் கவ்வியால் அழுத்திப் பிடித்து, நீர்த்த சுப்பர் குளூ ஒரு துளி விட்டால் முடிந்தது. சுத்தியல் வேண்டாம், பல விரற்பலகைகள் பினோலிக் பிசினாலானவை, அடித்தால் செதிலாகப் பெயரும். முழுதாகப் பிரெற் மாற்றுவதானால் அடியிலுள்ள நாக்கின் தடிப்பைக் காடியின் அகலத்தோடு ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள். தடித்த நாக்கை இருபதுக்கு மேற்பட்ட காடிகளில் இறுக்கினால் ஒவ்வொன்றும் ஆப்பாக நின்று கழுத்தைப் பின்பக்கம் வளைக்கும். இழுகம்பி இல்லாத கழுத்தில் அந்த வளைவை எடுக்க வழியே இல்லை. நாக்கு சற்றுத் தளர்வாக இருந்து எப்பொக்சியில் நிற்பதே இங்கே நல்லது.

கழுத்தில் கீறலோ வெடிப்போ என்றால் பைபர் படகு திருத்துவோரிடம் போகலாமா என்று கேட்பார்கள். குருநகரிலும் காரைநகரிலும் அந்தக் கைகளுக்குக் குறைவில்லை. ஆனால் படகுக்குப் பாவிப்பது பொலியெஸ்ரர் பிசின். இறுகிய எப்பொக்சியின் மேல் அது சரியாகப் பிடிக்காது, இறுகும்போது சுருங்கவும் செய்யும். பொலியெஸ்ரரில் கடினமாக்கியைச் சற்றுக் கூட விட்டால் கெதியாக இறுகும். அதே பழக்கத்தை எப்பொக்சியில் காட்டினால் அது கடைசிவரை முழுதாக இறுகாமல் மெதுமையாகவே கிடக்கும். 24 மணித்தியாலத்தில் இறுகும் இருபகுதி எப்பொக்சியை வாங்கி, பேணியில் எழுதிய விகிதத்தைத் தராசில் நிறுத்துக் கலக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வகை வேண்டாம். ஒட்டுமுன் 120ஆம் இலக்க அரத்தாளால் உரசி, அசிற்றோனால் துடைக்க வேண்டும். உரசும்போது தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள், முகக்கவசமும் கட்டாயம். காபன் தூள் தோலிலும் நெஞ்சிலும் குத்தும். மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் கம்பியின் அதிர்வை மின்னாக்கும் பிக்அப்பின் குழிக்குள் விழுந்தால் இரைச்சலும் குறுக்குச் சுற்றும் வரும்.

உப்புக் காற்று இன்னொரு வில்லங்கம். காபனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு உப்பீரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். உடலும் காபனாலான கிற்றாரில் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் அடியில் வெள்ளைத் தூள் கண்டால் காரணம் அதுவே. கழற்றித் துடைத்து, இடையில் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் வையுங்கள். பாலத்துக்கு வரும் நிலக்கம்பியை மட்டும் விட்டுவிடக் கூடாது. கழுத்தை உடலோடு பூட்டும் ஆணிகள் பித்தளைச் சுரைகளில் ஏறுபவை. தொலைந்தால் அதே புரியுள்ள துருப்பிடிக்கா உருக்கு ஆணி தேடுங்கள், மரஆணியை முறுக்கினால் சுரை பெயர்ந்து வரும்.

பாகம் கிடையாது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். பிரெற், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், 9 வோல்ற் பற்றரிப் பிடி, ஜாக், பொத்தான்கள் எல்லாம் பொது அளவு. ஜாக்கில் வயர் செருகியிருக்கும்வரை பற்றரி எரிந்துகொண்டே இருக்கும், வாசித்து முடிந்ததும் கழற்றுங்கள். சிறு பித்தளைப் பாகங்களைக் கஸ்தூரியார் வீதிப் பொற்கொல்லர் யாரிடமாவது மாதிரி கொடுத்தே செய்விக்கலாம். உண்மையில் கடினமானது தலையில்லாக் கிற்றாருக்கான, இரு முனையிலும் உருண்டையுள்ள கம்பி. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் இரண்டு செற் சொல்லிவிடுங்கள். தலைப்பக்கம் கவ்வி உள்ள வகையென்றால் சாதாரணக் கம்பியே போதும், ஆனால் கவ்வியை இறுக்கி, கம்பியைச் செங்கோணமாக மடித்த பிறகே வெட்ட வேண்டும். முந்தி வெட்டினால் சுற்று அவிழ்ந்து ஒலி செத்துவிடும்.

புதுக் கழுத்து ஒன்றுதான் இனி இலகுவில் கிடைக்காது. ஒளிவிழாக் காலத்துக்கு முன் பலர் கிற்றாரைத் திருத்தக் கொடுப்பார்கள். அதற்குள் அயன் பெட்டி பற்றிய அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இசைக்கருவி திருத்துநர் இருவர்,
யாழ்ப்பாணம்.