அடுப்படியும் ஆராதனையும்: ஆசிரியருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

ஆராதனையைப் பற்றிச் சென்ற மாத இதழில் வெளிவந்த கட்டுரையை முழுவதும் வாசித்தேன். சபையார் தாமதமாக வருவதையும், பிரசங்க நேரத்தில் கைப்பேசியை நோண்டுவதையும் கட்டுரையாளர் கண்டித்திருந்தார்; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், "ஞாயிறு காலையில் அடுப்படியில் நிற்கிற பெண், தனக்கென்று வைத்திருந்த கிருபையை அடுப்பிலிட்டு எரிக்கிறாள்" என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். அவர் எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த ஒரு வரியை மட்டும் தனியே எடுத்துத் தடித்த எழுத்தில் பெட்டி கட்டிப் போட்டது தாங்கள்தானே, ஐயா?

நான் ஞாயிறு காலையில் அடுப்படியில் நிற்கிற பெண். பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிற என் மாமியாருக்குக் கஞ்சி காய்ச்சி, மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்து, ஸ்பூனால் ஊட்ட வேண்டும், அவசரப்பட்டால் புரையேறிவிடும். அவருக்குப் பசிக்கிற நேரமும் கோயில் மணி அடிக்கிற நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. முதல் மணிக்குப் பேசாமல் கிடக்கிறவர், இரண்டாம் மணி கேட்டதும், இன்னும் அசைகிற இடது கையால் நெஞ்சின்மேல் துழாவத் தொடங்குவார். ஜெபத்துக்கு முக்காடு போடுவதற்கு முந்தானையைத் தேடுகிறார். நைட்டியில் முந்தானைக்கு எங்கே போவது? ஒரு துண்டை எடுத்து அவர் தலையில் போட்ட பிறகுதான் வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொள்வார். பேச்சு முற்றிலும் போய்விட்டது. ஆனாலும் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை நான் எடுத்துப் பாடினால், பல்லவியின் கடைசிச் சொல்லுக்கு அவர் உதடுகளும் சேர்ந்து அசைகின்றன. இதில் எரிந்துபோன கிருபை எது என்பதைக் கட்டுரையாளர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து காட்டித்தந்தால் நன்றியுள்ளவளாயிருப்பேன்.

ஆண்டவர் வீட்டுக்கு வந்தபோது, சகோதரி மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்க, பணிவிடையில் பரபரத்து அவரிடம் கடிந்துகொள்ளப்பட்ட மார்த்தாளையும் வழக்கம்போல இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறார். லூக்கா 10-ஆம் அதிகாரத்தோடு அவள் கதை முடிந்துவிடவில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. யோவான் 11-ஆம் அதிகாரத்தில், அவள் சகோதரன் லாசரு மரித்தபோது, ஆண்டவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு அவருக்கு எதிர்கொண்டு போனவள் மார்த்தாள். மரியாள் வீட்டிலே உட்கார்ந்திருந்தாள். அவரைத் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று அறிக்கையிட்டவளும் மார்த்தாளே. பேதுரு அதைச் சொன்னதற்கு நாம் கோயில் கோயிலாக அவர் பெயரை வைத்தோம். இவள் சொன்னதைப் பிரசங்கபீடத்தில் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை. அடுத்த அதிகாரத்தில் அவள் மறுபடியும் பணிவிடை செய்கிறாள். ஆண்டவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு ஏன், உயிர்த்தெழுந்த பிறகு திபேரியாக் கடற்கரையில், விடியற்காலத்தில் கரிநெருப்புப் போட்டு, அதின்மேல் மீனை வைத்து, இராமுழுவதும் வலைபோட்டுக் களைத்து வந்த சீஷர்களை "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று அழைத்தவர் யார்? அந்த நெருப்பில் எரிந்தது எது என்றும் பெட்டி கட்டிப் போடுவீர்களா?

சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் அசனப் பண்டிகை நாளையும் நினைத்துப் பாருங்கள். அன்று கோயில் வளாகத்தில் அண்டா அண்டாவாகச் சோறு வடிக்கும் ஆண்கள் ஒருவரும் ஆராதனைக்குள் வருவதில்லை. முதல் பாட்டிலிருந்து ஆசீர்வாதம் வரைக்கும் கரண்டியும் கையுமாக வெளியேதான் நிற்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் அவர்களை வரிசையாக நிறுத்திச் சால்வை போர்த்தி, அவர்களுடைய ஊழியத்துக்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். தங்கள் இதழிலும் படம் வந்தது. ஆண்கள் மூட்டுகிற அடுப்பு கிருபையை எரிப்பதில்லை போலும். கட்டுரையாளர் கன்வென்ஷன் கூட்டங்களில் பேசும் பிரசங்கியாரும் ஆவார் என்று அறிமுகக் குறிப்பில் இருக்கிறது. பிரசங்கம் முடிந்து அவருக்கு இலை போடுகிற வீடுகளில், கோழிக்குழம்பு தானாகவே கொதித்து இறங்கிவிடுகிறதோ என்னவோ.

இவ்வளவுக்கும் அந்த அடுப்படியிலிருந்துதான் கோயிலுக்குக் காணிக்கை போயிற்று. என் மாமியார் நடமாடிய காலத்தில், உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போடாமல் ஒருவேளைச் சோறு வடித்தவர் அல்லர். வீட்டில் அரிசி குறைவாயிருந்த நாட்களிலும் அந்தக் கைப்பிடி குறையவில்லை. மிசோரத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910-இல் தொடங்கிய கைப்பிடி அரிசிக் காணிக்கை இன்றும் அந்தச் சபைகளின் மிஷனெரி ஊழியத்தைத் தாங்கி நிற்கிறது என்பதைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

2020-இல் ஊரடங்கு வந்து, ஏப்ரல் 12 அன்று உயிர்த்தெழுதல் பண்டிகைக்கே கோயில்கள் பூட்டிக் கிடந்தன. அந்த ஆண்டு தங்கள் இதழ், வீடே ஆலயம் என்றும், குடும்பமாக உட்கார்ந்து பாடுகிற இடத்தில் கர்த்தர் வாசம்பண்ணுகிறார் என்றும் எழுதி எங்களைத் தேற்றியது. அந்தப் பிரதியை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஊரடங்கு எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் முடியவில்லை, ஐயா. அதற்குள் எங்கள் வீடு ஆலயம் என்ற தகுதியை எப்போது இழந்தது என்று தெரியவில்லை.

நான் பழைய ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒன்று மறக்கவில்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் வாழ்ந்த ஜஸ்டின் என்னும் இரத்தசாட்சி, கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடி என்ன செய்கிறார்கள் என்பதைப் பேரரசனுக்கு எழுதிய விளக்கத்தில், கூடிவர முடியாதவர்களுக்கு சபையின் உதவிக்காரர்கள் திருவிருந்தின் அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதையும் சொல்லியிருக்கிறார். வராதவர்களைப் பற்றி அவர் வேறொன்றும் சொல்லவில்லை. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகுமுன் நம் திருநெல்வேலிச் சபைகள் பயன்படுத்திய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமோ இன்னும் ஒருபடி மேலே போகிறது. நோயின் கடுமையால் அப்பத்தை வாயில் வாங்க முடியாதவர், மெய்யாய் மனந்திரும்பி விசுவாசித்து நன்றி செலுத்தினால், வாயினால் உட்கொள்ளாவிட்டாலும் கிறிஸ்துவின் சரீரத்தையும் இரத்தத்தையும் தன் ஆத்தும நலத்துக்கென்று உட்கொள்ளுகிறார் என்று அவருக்குப் போதிக்கும்படி குருவானவருக்குக் கட்டளையிடுகிறது. உபதேசியாராயிருந்த என் தகப்பனார் அந்தப் பகுதியின் ஓரத்தில் பென்சிலால் கோடு இழுத்து வைத்திருக்கிறார். நம் முன்னோர் இவ்வளவு தாராளமாக எழுதி வைத்த கிருபை, ஒரு கஞ்சிப்பானையில் எரிந்துபோகுமா?

மாமியாருக்கு வீட்டில் திருவிருந்து கொடுக்கும்படி ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள எங்கள் சேகரத்தில் கேட்டுக் களைத்துவிட்டேன். கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளையிடம் சொன்னேன், கமிட்டி உறுப்பினர் ஒருவரிடம் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். முன்பிருந்த ஐயர் (குருவானவர்) கடைசியாக வந்தபோது, அப்பத்தைத் திராட்சரசத்தில் நனைத்து ஸ்பூனில் கொடுத்து, அவர் விழுங்கி முடிக்கும்வரை பொறுமையாக முழங்காலில் இருந்தார். அவர் மாற்றலாகிப் போனபின் புதிய ஐயருக்கு இப்படி ஒருவர் படுத்திருக்கிறார் என்பதே தெரியவில்லை. சபைச் சந்தா வசூலிக்கும் சங்க நோட்டோடு மட்டும் மாதந்தோறும் ஆள் தவறாமல் வருகிறார். அதில் மாமியாரின் பெயர் தெளிவாக இருக்கிறது. பாக்கி விழுந்தால் சிவப்பு மையில் இருக்கிறது.

கட்டுரையாளரிடமிருந்து விளக்கமோ வருத்தமோ வாங்கி வெளியிட வேண்டாம். தங்கள் இதழின் கடைசிப் பக்கங்களில் கன்வென்ஷன் விளம்பரம், அசன அறிவிப்பு, பதவி உயர்வு பெற்றவர்களுக்கு வாழ்த்து என்று எத்தனையோ பெட்டிகள் வருகின்றன. அவற்றில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, வீட்டில் திருவிருந்து பெற விரும்புகிற வியாதியஸ்தரின் பெயரை யாரிடம், எந்தக் கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்பதைச் சேகரவாரியாக விசாரித்து ஒரு பெட்டியாகப் போடுங்கள். எழுத்து சற்றுப் பெரிதாக இருக்கட்டும். அதை வாசிக்க வேண்டியவர்களில் பெரும்பாலானோர் என்னைப் போல அறுபதைக் கடந்தவர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
தூத்துக்குடி மாவட்டம்.