வழியில் ஒரு சத்திரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

துருக்கி பயணக் கட்டுரையில் கப்படோக்கியாவின் வெப்பக்காற்றுப் பலூன்களுக்கு முழுப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். சரி. ஆனால் கொன்யா நகரிலிருந்து அங்கே போகும் வழியிலேயே இருக்கும் சுல்தான் ஹான் என்ற பழைய சத்திரம் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1229-இல் செல்ஜுக் வம்சத்துச் சுல்தான் முதலாம் அலாவுதீன் கைகுபாத் கட்டிய வணிகர் சத்திரம் அது. தீப்பிடித்துச் சேதமாகி, 1278-இல் பழுதுபார்த்து விரிவாக்கினார்கள். அந்தக் காலத்துச் சத்திரங்களில் வணிகர்கள் மூன்று நாள் இலவசமாகத் தங்கலாம். ஒட்டகத்துக்கும் இடம் உண்டு.

நாற்பது வருஷம் கட்டட வேலை பார்த்தவன் நான். மகளோடு போனபோது வாசலைவிட்டு நகர முடியவில்லை. ஏறக்குறைய 13 மீட்டர் உயரப் பளிங்கு முகப்பு. வாசலுக்கு மேலே தேன்கூடு மாதிரி அடுக்கடுக்காகச் செதுக்கிய கல். முற்றத்தின் நடுவே நான்கு வளைவுகள் தாங்கி நிற்கும் சின்னப் பள்ளிவாசல். குறுகலான கல்படியில் ஏறித்தான் போக வேண்டும். அப்புறம் பின்னால் குளிர்கால மண்டபம். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே சில்லென்று இருட்டு. நடுக் குவிமாடத்திலிருந்து மட்டும் வெளிச்சம் தூண்களில் இறங்குகிறது. ஒரு தூணில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றேன்.

அடுத்த முறை அந்த வாசலின் படத்தையாவது பெரிதாகப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
காரைக்குடி