மாற்றுப்பாதை எது என்று காரமடையிலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மலையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து குன்னூர் சாலை மூடினால் மறுநாள் செய்தியின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'வாகனங்கள் மாற்றுப்பாதையில் திருப்பி விடப்பட்டன.' எந்தப் பாதை, எந்த வண்டி போகலாம், எத்தனை மணி வரை விடுவார்கள், ஒன்றும் இருக்காது. கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு ஓட்டுகிறவன் நான். எனக்குச் செய்தியில் வேண்டியதே அந்த ஒரு வரிதான், அதில்தான் விஷயமே இருப்பதில்லை.

கோவையிலிருந்து நீலகிரிக்கு ஏற மூன்று வழி உண்டு என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. கல்லாறு, பர்லியார் வழியாகக் குன்னூருக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை எல்லோருக்கும் தெரிந்தது. குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி போவது இரண்டாவது. இந்த இரண்டும் மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலம் தாண்டிய பிறகு பிரிகின்றன, அதனால் அங்கே ஒரு போலீஸ்காரர் நின்று கை காட்டினால் போதும். மூன்றாவது வழி அப்படியில்லை. வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூருக்கு ஏறும் அந்தச் சாலைக்கு, கோவையிலிருந்து வருகிறவர் மேட்டுப்பாளையம் வருவதற்கு முன்பே, காரமடையிலேயே திரும்பிவிட வேண்டும். ஆனால் தகவல் சொல்லும் இடம் எது? மேட்டுப்பாளையத்தையும் தாண்டி, கல்லாறு. அங்கே தடுப்பை வைத்து 'ரோடு க்ளோஸ், திரும்பிப் போங்க' என்றால், பஸ்ஸும் லாரியும் காரும் அதே இடத்தில் திரும்பப் பார்த்து, அப்புறம் மேட்டுப்பாளையம் ஊரே அடைத்துக்கொள்கிறது.

சரி, கோத்தகிரி சாலைதான் இருக்கிறதே என்பார்கள். அதில்தான் பெரிய சிக்கல். குன்னூர் மலைப்பாதை, கோத்தகிரி மலைப்பாதை இரண்டுமே மலையின் கிழக்குச் சரிவில் இருப்பவை, வடகிழக்குப் பருவமழை வந்து மோதுவதும் அந்தப் பக்கம்தான். 1993 நவம்பரில் குன்னூர் சாலையில் மரப்பாலம் என்ற இடத்தில் மண் சரிந்ததும், 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டி மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்ததும் இந்த மழையில்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சாலை மூடினால் இன்னொன்றும் எந்த நேரமும் மூடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நம்பி லோடை ஏற்ற முடியாது. ஆடி மாதத்தில் கதை வேறு. தென்மேற்கு மழை கூடலூர், பந்தலூர், நடுவட்டம், குந்தா பக்கத்தைத்தான் பிடித்து அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் பெய்தது நினைவிருக்கும். அந்த மாதங்களில் நடுவட்டம் பக்கம் பாறை உருண்டால் ஊட்டியிலிருந்து கூடலூருக்குப் போக மிச்சம் இருப்பது கல்லட்டி, மசினகுடி, தெப்பக்காடு வழி. 36 கொண்டை ஊசி வளைவு, அதுவும் நேர் இறக்கம். 2018ல் அங்கே நடந்த விபத்துக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கட்டுப்பாடு வைத்தார்கள், வைத்ததும் நியாயம்தான், மலை ஓட்டிப் பழகாதவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதியிலேயே டிரம் காய்ந்து நாற்றம் வந்துவிடும். அதனால் எந்த மாதத்தில் எது மாற்றுப்பாதை என்பதே வேறு வேறு. இது எங்கள் ஊரில் டீத்தூள் லாரி ஓட்டுகிற பையனுக்குத் தெரியும், அறிவிப்பு எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஏனோ தெரிவதில்லை.

கெத்தை சாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்போது போனில் இருக்கும் மேப் அதைச் சர்வ சாதாரணமாகக் காட்டிவிடுகிறது. 43 கொண்டை ஊசி வளைவு, ஒடுங்கிய ரோடு. எதிரே பஸ் வந்தால் ஒருவர் பின்னால் எடுக்கத்தான் வேண்டும், இறங்குகிற வண்டிதான் எடுக்க வேண்டும், ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது மலையில் சட்டம் மாதிரி. காடு வழியே போவதால் செக் போஸ்ட்டில் பதிவு செய்தே விடுவார்கள், இருட்டினால் விடமாட்டார்கள். டீசல் காரமடையிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும், நடுவில் சிக்னல் இல்லாத தூரம் நிறைய. யானை நின்றால் அது போகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2021ல் நீலகிரியில் ஒரு அரசு பஸ்ஸின் முன்கண்ணாடியை யானை உடைத்ததைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். இது பகலில், சிறிய வண்டிக்கு, நிதானமாக ஓட்டுகிறவருக்கு அருமையான வழி. மாலை நாலு மணிக்கு டெம்போ டிராவலரில் குழந்தைகளோடு வருகிறவரை இதில் திருப்பிவிட்டால் அது உதவியில்லை.

மேலே மலைக்குள்ளும் இதே கதைதான். குன்னூர் ஊருக்குள் அடைத்தால், காட்டேரி என்ற இடத்திலிருந்து சேலாஸ், கேத்தி பாலாடா வழியாக லவ்டேல் போய் ஊட்டியில் சேரலாம். மண் சரிவு குன்னூருக்குக் கீழே என்றால் குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் போய் (அந்தச் சாலை சுமார் 20 கி.மீ.) அங்கிருந்து இறங்கலாம். இவை சாலைகள். ஆனால் மேப்பில் மெல்லிய கோடாகத் தெரிகிற எல்லாமும் சாலை இல்லை, பல எஸ்டேட் ரோடுகள், ஒரு முனையில் கேட், இன்னொரு முனையில் தொழிலாளர்களின் லயன் வீடுகள், நடுவில் டிராக்டர் மட்டும் ஏறுகிற மேடு. மழை நாளில் இப்படி உள்ளே போய் டயர் இறங்கி நிற்கிற கார்களைத் தோட்டத் தொழிலாளர்கள்தான் தள்ளிவிடுகிறார்கள், அன்றைய வேலையை விட்டுவிட்டு.

இதெல்லாம் செய்ய முடியாத காரியமா என்றால் இல்லை. மே மாத சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழி ஏற்பாடு செய்கிறார்களே, அப்போது ஒவ்வொரு பிரிவிலும் போர்டு இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், முன்கூட்டியே உங்கள் பத்திரிகையிலும் வருகிறது. சுற்றுலாக்காரர்களுக்குச் செய்கிற அந்த ஏற்பாடு மழைக்காலத்தில் எங்களுக்கு இல்லாமல் போவது ஏன்? இன்னொன்று, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வருகின்றன. அதற்கு வண்டி எண், வருகிற தேதி, போன் எண் எல்லாம் கொடுத்தாக வேண்டும். அன்றைக்கு யார் யார் மலை ஏறப் போகிறார்கள் என்ற பட்டியல் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது, சாலை மூடினால் அந்த எண்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாலே பாதிக் கூட்டம் கோவையிலேயே நின்றுவிடும். வண்டிகளை எண்ணுவதற்கு உதவுகிற பாஸ் இதற்கும் உதவட்டுமே.

உங்களிடம் கேட்பது, மழை நாட்களில் நீலகிரி செய்தியோடு ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: எந்தச் சாலை எந்த இடத்தில் மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது, அதில் லாரி போகுமா, எத்தனை மணிக்கு செக் போஸ்ட் கேட் மூடும். அதிகாரிகளிடம் நிருபர் இந்த நாலு கேள்வியைத் தினமும் கேட்டாலே அவர்களும் பதிலைத் தயாராக வைத்திருக்கப் பழகிவிடுவார்கள். அதோடு ஐந்தாவதாக ஒன்றையும் கேட்கச் சொல்லுங்கள்: குன்னூர், கோத்தகிரி இரண்டு சாலையும் மூடிய இரவில், ஊட்டியிலிருந்து கோவைக்கு ஒரு நோயாளியை ஆம்புலன்ஸில் அனுப்பினால், கெத்தை வழியில் கேட்டைத் திறக்கச் சொல்ல எந்த எண்ணுக்குப் போன் செய்வது?

இப்படிக்கு,
கேத்தி பாலாடாவிலிருந்து ஒரு பிக்கப் ஓட்டுநர்